மருந்தளித்த மாமேதை சுப்பாராவ்

பேரும் புகழும் பெற்று, சிலையாகவும் சாலையாகவும் நிற்பவர்கள் பலர். பேர் வேண்டாது உழைத்து, மறைந்த பின்னும் மக்கள் உடலுக்குள்ளே மருந்தாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள் முன்வரிசையில் நிற்பவர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மருத்துவ உலகம் அவரை நன்கறியும். ஆனால் நம் மாணவர் உலகம்? கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம். இந்தக் குறையை ஒரு சிறிதாவது போக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் படிக்கும் நமக்கு இவர் கதை எதற்கு என்று சில நண்பர்கள் எண்ணலாம். 1970-களின் இறுதியில் ஆர். கே. பாலிகா கண்ட கனவால், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் எழுப்பிய இடம் இது. பேர் எலெக்ட்ரானிக் சிட்டி என்றாலும் இங்கே கணிப்பொறி மட்டுமா இருக்கிறது? ஓசூர்ச் சாலையில் பயோகான் நிறுவனத்தார் பெரிய பெரிய கலங்களில் நுண்ணுயிர்களை வளர்த்து, இன்சுலின் முதலிய மருந்துகளை வடிக்கிறார்கள். உயிரித் தொழிற்பூங்காவில் உயிர்களின் மரபெழுத்தைக் கணிப்பொறி கொண்டு படிக்கக் கற்றுத்தருகிறார்கள். நானும் உயிரியல் மாணவன்தான். நுண்ணுயிரை வேலை வாங்கி மருந்து செய்யும் இந்தத் தொழில் தோன்றி வளர்ந்த நாளிலே, அதன் தலைவாயிலில் நின்றவர்களுள் ஒருவர் சென்னையிலே படித்த ஓர் ஏழை மாணவர் என்பதை நினைக்குந்தோறும் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. அவர் தந்த செல்வத்தை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதை நினைக்கும்போதோ கவலை உண்டாகிறது. இரண்டையும் சொல்கிறேன்.

வாழைப்பழ வணிகமும் வாடிய படிப்பும்

1895-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியில் உள்ள பீமவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். பெரிய குடும்பம், சிறிய வருவாய். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். நோயின் காரணமாக வேலையை இடையிலே விட நேர்ந்தது. வீட்டிலே வறுமை குடிபுகுந்தது.

பதின்மூன்று வயதுப் பையன் என்ன செய்வான்? சுப்பாராவ் காசிக்குப் புறப்பட்டுவிட்டார்! துறவுக்காக அன்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்ப்பதற்காக! வீட்டார் தேடிப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தனர். தந்தையார் காலமானபின், தாய் வேங்கம்மாள் தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். ஆனால் படிப்போ ஏறவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒரு முறை தோல்வி, மறுமுறையும் தோல்வி. சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறையாக எழுதித்தான் அவர் தேறினார். பிற்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் டாக்டர் பட்டத்தைப் பெற்றவர் இந்த மாணவரே! தேர்வில் ஒருமுறை தவறியதும் உலகமே இருண்டுவிட்டதாக எண்ணும் தோழர்கள் இதை மனத்திற் கொள்க.

பின்னர் மாநிலக் கல்லூரியில் படிப்பு. அந்நாளில் இராமகிருஷ்ண மடத்தின்பால் அவர் உள்ளம் சென்றது. துறவு பூண்டு தொண்டு செய்ய விரும்பினார். தாய் இசையவில்லை. மருத்துவம் படித்தால் அதுவும் தொண்டுதானே என்று மடத்துத் துறவிகள் வழி காட்டினர். இவ்வாறு துறவுக்குப் புறப்பட்டவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். 1919-இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார். படிப்புச் செலவுக்கு மாமனார் கை கொடுத்தார்.

கதர் அங்கி

காந்தியடிகளின் குரல் நாடெங்கும் ஒலித்த காலம் அது. மாணவர் சுப்பாராவ் கதர் உடுத்தினார். சாலையில் உடுத்தியதோடு நில்லாமல், அறுவைக் கூடத்திற்கும் கதர் அங்கியோடு சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. சென்னை மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

உடன்பிறந்தாரைக் கொண்டு சென்ற நோய்

அவர் வாழ்க்கையை ஆட்டி அசைத்த நிகழ்ச்சி இதே காலத்தில்தான் நடந்தது. உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், ஒரே நோய்க்கு இரையாயினர். அந்த நோய் ஸ்புரூ என்பது.

ஸ்புரூ வெப்ப நாடுகளின் குடல் நோய். ஓயாத கழிச்சல், வாய் புண்ணாகும், உண்ட உணவு உடம்பில் ஒட்டாது, குருதி வெளிறும், எலும்பும் தோலுமாகி மனிதன் மாய்வான். சோறு இருந்தும் பட்டினி கிடந்து சாகும் கொடுமை அது. அன்றைய மருத்துவர்களுக்கு அதன் காரணமும் தெரியாது, மருந்தும் தெரியாது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் பிழைத்து எழுந்தார்.

பிழைத்தவர் நிம்மதியாக இருந்தாரா? இல்லை. உடன்பிறந்தாரைக் கொன்ற நோய்க்கு மருந்து காணாமல் போகக் கூடாது என்ற வைராக்கியம் அவரைப் பிடித்துக் கொண்டது. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படிக்க அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகத்திற்கு எழுதினார். இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மாமனார் உதவியாலும், காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியாலும் 1920-களின் தொடக்கத்தில் கப்பலேறினார். மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர் மீண்டும் தாயகம் திரும்பவே இல்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவு, தந்தையின் முகம் காணாமலே மறைந்தது. அவர் அடைந்த வெற்றிகளை எண்ணும்போது, ஊரிலே காத்திருந்த சேஷகிரி அம்மையாரின் இழப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதுதான் நேர்மை.

இரவிலே வேலை, பகலிலே ஆராய்ச்சி

பாஸ்டன் நகரம் கையில் காசில்லாத இந்திய மருத்துவரை மாலையிட்டு வரவேற்கவில்லை. அந்நாட்டில் மருத்துவத் தொழில் நடத்த அவருக்கு உரிமை இல்லை. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துலக்குவது அந்த வேலை. பட்டம் பெற்ற மருத்துவர் அதைச் செய்தார், செய்துகொண்டே படித்தார்.

பிறகு ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு ஆராய்ச்சியில் இறங்கினார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் கண்டு 1925-இல் வெளியிட்டனர். ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பேரோடு அது உயிர்வேதியியல் மாணவர்களின் பாடமாயிற்று. 1927-இல் தசைக்குள் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் உண்டென்று காட்டினர். தசை இயங்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது பற்றி நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் கட்டியிருந்த கொள்கையையே அது ஆட்டிவிட்டது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்து அறிவித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதைக் கண்டிருந்தார். உயிர்கள் அனைத்துக்கும் ஆற்றலின் நாணயம் போன்றது இந்த ஏ.டி.பி. நம் தசையிலும் அதுதான். மண்ணிலுள்ள கிருமியிலும் அதுதான்.

1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. செய்த ஆராய்ச்சிக்கெல்லாம் உரிய பேரும் கிடைக்கவில்லை. இதற்காக அவர் கூட்டம் கூட்டவில்லை; வழக்காடவில்லை. 1940-இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக் கூடத்திற்குச் சென்றார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

மருந்துகள் பிறந்த எட்டாண்டு

1940 முதல் 1948 வரை எட்டே ஆண்டுகள். அவ்வெட்டு ஆண்டுகளில் அவர் தலைமையில் வெளிவந்த மருந்துகளை எண்ணினால் மலைப்புத் தோன்றுகிறது.

முதலாவது ஃபோலிக் அமிலம். இதன் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. 1920-களின் இறுதியில் பம்பாயில், கருவுற்ற ஏழைப் பெண்களைக் கொல்லும் சோகை நோயை ஆராய வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார், ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒரு பொருள் அச்சோகையைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் எழுதினார். பொருள் இருப்பது தெரிந்தது. அது எதுவென்று தெரியவில்லை. லெடர்லி ஆராய்ச்சியாளர்கள் ஈரலிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, 1945-இல் அதைச் செயற்கையாகவே செய்தும் காட்டினர். டாக்டர் டாம் ஸ்பைஸ் அதைக் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். வெளிறிய குருதி மீண்டும் சிவந்தது. உடன்பிறந்தாரை இழந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, ஸ்புரூவின் ஒரு கையை அவர் ஒடித்துவிட்டார்!

ஃபோலிக் அமிலத்தின் வடிவைச் சற்றே மாற்றி, அதன் பகைப்பொருளையும் அவர்கள் செய்தனர். அதுவே அமினாப்டெரின். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு 1947-இல் அதைக் கொடுத்தார். சில காலமேனும் நோய் பின்வாங்கியது. புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அதுவே அடிகோலிற்று. அதன் இளவல் மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் கைகண்ட மருந்தாக இருக்கிறது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் 1947-இல் வந்ததே. அதைத்தான் நம் அரசினர் வீடு வீடாகச் சென்று மக்களுக்கு வழங்கி வந்திருக்கின்றனர்.

இறுதியாக வந்தது ஆரியோமைசின். பெனிசிலின் ஒருசார்க் கிருமிகளையே கொன்றது. ஸ்டிரெப்டோமைசின் வேறு சிலவற்றைக் கொன்றது. ஆனால் செவியைக் கெடுத்தது. இரு சாராரையும் அடக்கும் மருந்து மண்ணிலே கிடைக்காதா என்று சுப்பாராவின் கூடத்தினர் தேடினர். எழுபது வயது கடந்து, பல்கலைக் கழகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டகர் இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டார். வயதைக் காட்டி ஒதுக்கப்பட்டவர் அங்கே மதிக்கப்பட்டார். பல ஊர் மண்ணும் தருவிக்கப்பட்டது. மிசௌரிப் பல்கலைக் கழகத்தின் சான்பார்ன் வயலில் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து, பொன்னிறம் காட்டும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. அது சுரந்த பொருளே ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. கிருமி தன் உடலுக்கு வேண்டிய புரதத்தைக் கட்டும் பட்டறையிலே போய் உட்கார்ந்துகொண்டு, வேலை நடக்கவொட்டாமல் தடுப்பதே அதன் திறம்.

1948 ஜூலையில் நியூயார்க்கில் அறிஞர் கூட்டத்தில் அம்மருந்து அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்ட்டில், தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து மூன்று. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வானில் பறந்து மகிழ்ந்தவர். அமெரிக்கக் குடிமகனாக ஆகாமலே மறைந்தார். அம்மருந்தின் உரிமைப் பத்திரம் டகரின் பேரில் வந்தது. சுப்பாராவ் அதைத் தம் பேரில் கேட்டவரும் அல்லர்.

ஸ்புரூவின் மற்றொரு கை ஒடிந்தது அவர் கண் மூடிய பிறகுதான். ஸ்புரூ நோயாளியின் சிறுகுடலில், மிகச் சிலவாக இருக்க வேண்டிய கிருமிகள் பெருகிக் குடியேறிவிடுகின்றன என்பது பின்னாளில் தெரியவந்தது. 1960-களின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டுக் கிராமங்களில் இந்நோய் கொள்ளை நோயாகவே பரவியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். இன்று ஸ்புரூவுக்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து என்ன தெரியுமா? இரண்டு. ஃபோலிக் அமிலம் ஒன்று, டெட்ராசைக்ளின் மற்றொன்று. இரண்டுமே சுப்பாராவின் கூடத்திலிருந்து புறப்பட்ட வழியில் வந்தவை! சென்னையிலே அவர் பூண்ட வைராக்கியம், தாம் அறியாமலே, முழுமையாக நிறைவேறிவிட்டது.

காற்றை வெறுக்கும் கூட்டம்

கதை இத்துடன் முடிந்தால் மங்களமாக இருக்கும். முடியவில்லையே! மருந்து வென்ற கதையைப் போலவே, மருந்து தோற்று வரும் கதையும் குடலுக்குள்ளேதான் நடக்கிறது.

நம் பெருங்குடலில் காற்று இல்லை. ஆகவே அங்கே வாழும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை காற்றில்லாமல் வாழ்பவை. காற்றை விரும்பும் கிருமி ஒன்று இருந்தால், இவை நூறு முதல் ஆயிரம் வரை இருக்கும். நம்மோடு பிறந்து நம்மோடு வளரும் இவை, தம் இடத்தில் இருக்கும்வரை நமக்கு நண்பர்கள். நாம் செரிக்க இயலாத நாரையும் செரித்து உதவுகின்றன. ஆனால் குடல்வால் வெடித்தாலோ, அறுவையின்போது குடல் கிழிந்தாலோ, இவை வயிற்றறைக்குள் இறங்கிச் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. ஈறு, நுரையீரல், மூளை ஆகிய இடங்களிலும் இக்கூட்டத்தினரின் சீழ்க்கட்டி உண்டு. ஏற்புவலி என்னும் டெட்டனஸ் நோயைத் தரும் கிருமியும், சதையை அழுகச் செய்யும் கிருமிகளும் இந்தக் காற்றில்லா இனத்தைச் சேர்ந்தவையே.

இவற்றை அடக்குவது எளிதன்று. முதலாவது, கண்டுபிடிப்பதே கடினம். சீழை எடுத்துத் திறந்த குப்பியில் அனுப்பினால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் பல கிருமிகள் மடிந்துபோகும். ஒன்றும் முளைக்கவில்லை என்று ஆய்வுக் கூடம் எழுதிவிடும். காற்றைப் போக்கி வளர்க்கும் வசதி நம் நாட்டில் பல மருத்துவமனைகளில் இன்னும் இல்லை. இரண்டாவது, சில மருந்துகள் இவற்றிடம் செல்லவே செல்லா. ஸ்டிரெப்டோமைசின் இனத்து மருந்துகள் கிருமிக்குள் நுழைய, காற்றைக் கொண்டு ஆக்கும் ஆற்றல் வேண்டும். காற்றே இல்லாதபோது கதவு திறப்பது எப்படி? பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் என்னும் இனமோ பெனிசிலினைச் சிதைக்கும் பொருளைத் தானே சுரந்துகொள்கிறது.

இந்த நிலையில் டெட்ராசைக்ளின் ஒரு வரப்பிரசாதமாக வந்தது. முதலில் பாக்டீராய்ட்ஸ் அதற்கு அடங்கியது. பிறகு? 1970-க்கு முன் எடுத்துச் சேமித்து வைத்திருந்த பாக்டீராய்ட்ஸ் கிருமிகளையும், 1990-களில் எடுத்தவற்றையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டனர். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் மரபுக்கூறு முன்னவற்றில் சுமார் 30 சதவீதத்தில் இருந்தது; பின்னவற்றில் 80 சதவீதத்திற்கு மேல் இருந்தது. நோயாளிகளிடம் எடுத்தவை மட்டுமல்ல, நலமாக நடமாடும் மக்களிடம் எடுத்தவையும் அப்படியே.

இது நடந்த வழிதான் வியப்பானது. எதிர்க்கும் மரபுக்கூறு, மடித்த கடிதம் போல ஒரு துண்டு டி.என்.ஏ.வில் இருக்கிறது. ஒரு கிருமி மற்றொரு கிருமியைத் தொட்டு அக்கடிதத்தைக் கைமாற்றிக் கொடுக்கிறது. சும்மா இருக்கும்போது அரிதாகவே கொடுக்கும். டெட்ராசைக்ளின் சிறிதளவு பட்டுவிட்டாலோ, கொடுக்கும் வேகம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது! மருந்தே கிருமியைத் தட்டி எழுப்பி, தன்னை வெல்லும் வித்தையை அண்டை வீட்டுக்கும் கற்றுக்கொடு என்று சொல்வது போன்றது இது. கிருமியைக் கொல்ல முழு அளவு வேண்டும். எதிர்ப்பைப் பரப்பவோ எச்சில் அளவே போதும்.

எச்சில் அளவு எங்கிருந்து வந்தது? நோய்க்குச் சாப்பிட்டது ஒரு பங்கு. மற்றொரு பங்கு நாம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சுப்பாராவ் மறைந்த சில மாதங்களில், லெடர்லி கூடத்திலேயே, ஆரியோமைசின் வடித்த சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் விரைவாகப் பருப்பதை ஜூக்ஸ் என்பவர் கண்டார். அச்செய்தி 1950-இல் வெளியாயிற்று. அன்று முதல் உலகின் கோழிக்கும் பன்றிக்கும், நோயில்லாமலே, தீவனத்தோடு தீவனமாக ஆன்டிபயாடிக் போடும் வழக்கம் பரவியது. உயிர் காக்கப் பிறந்த மருந்து, எடை கூட்டும் உப்பாக மாறியது. பல நாடுகள் பின்னர் விழித்துக்கொண்டன. கோலிஸ்டின் என்னும் கடைசிக் கட்ட மருந்தை விலங்குத் தீவனத்தில் கலப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

டெட்ராசைக்ளின் குடும்பம் முற்றும் செயலிழந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியபோது மக்கள் கைக்கொண்டது டெட்ராசைக்ளினையே. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் காணும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு, அக்குடும்பத்து டாக்சிசைக்ளின் இன்றும் உயிர்காக்கும் மருந்து. ஆனால் காற்றில்லாக் கிருமிகளின் களத்தில் மட்டும் டெட்ராசைக்ளின் பின்வாங்கிவிட்டது. அவ்விடத்தில் இப்போது நிற்பது மெட்ரோனிடசோல். காற்றில்லாத உயிரணுவுக்குள் புகுந்த பிறகே அது நஞ்சாக மாறும். ஆகவே பகைவனைத் தேடிக் கொல்லும். 1962-இல் வேறொரு நோய்க்கு அதை உண்ட பெண்ணின் ஈற்றுப்புண் ஆறியதை இலண்டன் பல் மருத்துவர் ஒருவர் கண்டறிந்து வெளியிட்டதால் அதன் இந்தத் திறம் புலனாயிற்று. அதையும் எதிர்க்கும் பாக்டீராய்ட்ஸ்கள் பல நாடுகளில் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டன.

நம் கடமை

நண்பர்களே! நம் விடுதிகளில் நான் அன்றாடம் காண்பதைச் சொல்கிறேன். தும்மல் வந்தால் ஆன்டிபயாடிக். வயிறு கடுத்தால் ஓர் அட்டை மெட்ரோனிடசோல். இரண்டு நாள் தின்று வயிறு அடங்கினால், மிச்சத்தை மேசை அறையில் போட்டு, அடுத்த மாதம் பக்கத்து அறைத் தோழனுக்குத் தானம்! சளியும் பெரும்பாலான காய்ச்சலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றைத் தொடவே தொடாது. அது தொடுவது குடலில் சும்மா கிடக்கும் கோடானுகோடிக் கிருமிகளைத்தான். அவை கற்றுக்கொள்கின்றன, கற்றதை மறப்பதில்லை. தானம் கொடுத்தவன் மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை. கிருமிக்குப் பாடமும் கொடுத்துவிட்டான்.

இந்தக் கவலை என் ஒருவனுடையதன்று. 2012-இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்கை நாடு எப்படிக் காக்க வேண்டும் என்று ஒரு பிரகடனமே வெளியிட்டன. 2014 முதல், வலிமை மிக்க சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர், எழுதிக்கொடுத்த மருத்துவர் பேரையும் வாங்குபவர் பேரையும் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். அட்டையின்மேல் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு கண்டால், மருத்துவர் சீட்டின்றி அதை உண்ணக் கூடாது என்பது பொருள். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒருவருக்குத் தம்பியாய், அண்ணனாய் இருந்திருப்பர்! சுப்பாராவ் குடும்பத்தில் அன்று விழுந்த இடி, மருந்தில்லாமையால் விழுந்தது. இன்று விழுவது, மருந்து இருந்தும் அதை நாம் மழுக்கிவிட்டதால்.

இந்திய அரசு அவருடைய நூற்றாண்டான 1995-இல் அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு 1953-இல் சுப்பாரோமைசஸ் என்று அவர் பேரைச் சூட்டினர் அறிவியலார். இவை நல்ல நினைவுச் சின்னங்கள். ஆனால் மருந்து செய்தவனுக்கு மெய்யான நினைவுச் சின்னம், அவன் செய்த மருந்து வேலை செய்வதுதான்.

ஆகவே, மருத்துவர் எழுதினால் மட்டும் உண்போம். எழுதிய அளவும் நாளும் மாறாமல் உண்போம். மிச்சத்தைப் பிறருக்குக் கொடுக்கமாட்டோம். பிறரிடம் கேட்கவும் மாட்டோம். உயிரியல் படிக்கும் தோழர்களுக்கு மற்றொன்றும் சொல்வேன். காற்றில்லாக் கிருமிகளை வளர்த்து ஆராய்பவர் நம் நாட்டில் குறைவு. அது பேர் வாங்கித் தரும் துறை அன்று. பொறுமையைக் கேட்கும் துறை. மூன்றாம் முறை எழுதித் தேறியவரும், இரவிலே கலம் துலக்கிப் பகலிலே படித்தவருமான ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டால், அந்தப் பொறுமை நமக்கும் வராமலா போகும்?

வாழ்க சுப்பாராவ் புகழ்!